காலை விடாத பெடலும் கைகூடிய சம்பந்தமும்

அன்பு மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் உன் மருமகளும் சௌகரியம். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பியாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நம் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் பையனின் அப்பா பல் டாக்டர் என்று சொல்லியிருந்தேன். அவர் சைக்கிள் பைத்தியம் என்பதைச் சொல்லவில்லை. முதல் சந்திப்பிலேயே, நானும் சைக்கிள்காரன்தான், மலைப் பாதையில் கல்லிலும் சேற்றிலும் ஓட்டுகிறவன் என்று அளந்துவிட்டேன். மனிதர் என் வாயில் சொத்தைப் பல் தேடுவதுபோல் பார்த்துவிட்டு, "மலையிலயா? நமக்கெல்லாம் ரோடுதான். ஒருநாள் ரோடு சைக்கிள்ல வாங்க, பேசிக்கிட்டே போவோம், கல்யாணத் தேதியையும் முடிச்சிடலாம்" என்றார். பெண்ணின் கல்யாணம் ஒரு சைக்கிள் சவாரியில் வந்து நின்றால் பெற்றவன் என்ன செய்வான்? மறுநாளே கடைக்கு ஓடினேன்.

சைக்கிள் என்றால் சைக்கிள், மச்சான்! ஒற்றை விரலில் தூக்கலாம். கூடவே ஒரு ஜோடி ஷூவையும் பெடலையும் கடைக்காரர் என் தலையில் கட்டினார். இதற்குக் 'கிளிப்லெஸ்' என்று பெயர், அதாவது கிளிப்பே இல்லையாம். ஆனால் ஷூவின் அடியில் இருக்கும் கட்டையைப் பெடலில் வைத்து மிதித்தால் டக்கென்று கவ்விக்கொள்ளும், அப்புறம் உன் கால் உன்னுடையது அல்ல. விடுவிக்கக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். "அவ்ளோதான் சார், பழகிடும்" என்றார். எனக்கோ மலையில் வேறு பழக்கம்: தடுமாறினால் காலை நேரே தூக்கித் தரையில் ஊன்றிவிடுவேன். அந்த ஷூவோடு ஹாலில் நடந்து பார்த்தேன், டைல்ஸில் வாத்து மாதிரி வழுக்கிக்கொண்டே சமையலறை வரை போய் ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துத்தான் நின்றேன். உன் அக்கா பால் பாத்திரத்தை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

முதல் சிக்னல். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பிரேக் பிடித்தேன், சைக்கிள் அழகாக நின்றது, நின்ற பிறகுதான் கால் ஞாபகம் வந்தது, தூக்கினேன், வரவில்லை, இன்னும் தூக்கினேன், வெட்டிய மரம் மாதிரி நிதானமாகச் சாய்ந்தேன். பக்கத்துக் காரில் இருந்த என் பழைய மாணவி கண்ணாடியை இறக்கி, "மாஸ்டர், நிறுத்துறதுக்கு முன்னாடியே யோசிக்கணும்னு நீங்கதானே திட்டுவீங்க?" என்றாள்.

ஆனால் ஓடும்போது, ஆகா! மிதிப்பது மொத்தமும் சக்கரத்துக்குப் போகிறது. எனக்கு வயது பாதியாகிவிட்டது. அதே குஷியில் டாக்டர் வீட்டு வாசலுக்குப் பறந்தேன். அவர் தன் சைக்கிளில் உட்கார்ந்து, கேட்டைப் பிடித்தபடி தயாராக நின்றார். நான் பிரேக் பிடித்தேன், புன்னகைத்தேன், காலைத் தூக்கினேன். அவர் மேலேயே சாய்ந்தேன். அவர் காலும் மாட்டியிருந்தது. இருவரும் வேலிச்செடிக்குள்.

சம்பந்தம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன், மச்சான். அப்போது அடியிலிருந்து ஒரு குரல்: "குதிகாலைத் திருப்புங்க, சம்பந்தி."

சம்பந்தி! காதில் தேன் பாய்ந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"அட, எனக்கும் இந்தப் பெடல் புதுசுதாங்க. நீங்க மலையில ஓட்டுறவர்னு சொன்னதும் பயந்துபோய் மாட்டினேன். நான் மட்டும் எங்க கழட்டினேன்?"

சக்கரங்கள் நான்கும் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருக்க, படுத்தபடியே தேதியை முடிவுசெய்தோம். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு. லீவு போட்டுவிடு. நீயும் இந்தப் பெடலுக்கு மாறு. ஒரு சிராய்ப்புகூட இல்லை, சத்தியம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், தங்கச்சிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சம்பந்தியாகிவிட்ட உன் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இவ்வளவு நேரம் சொன்னது உங்க அத்தான், எழுதினது நான். அவருக்கு வலது மணிக்கட்டில கட்டு, சம்பந்திக்கு இடது கையில. தேதியை நானும் பையனோட அம்மாவும் அதுக்கு முன்னாடியே போன்ல பேசி, மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. அது வேற தேதி, உனக்குப் போன்ல சொல்றேன், அதுக்கு லீவு போடு. ரெண்டு பேரும் ஆசையாக் கிளம்புறாங்களே, போய்ப் பேசிட்டு வரட்டும்னு விட்டோம். இன்னும் அவர்கிட்ட சொல்லலை, கை ஆறட்டும். அந்தப் பெடலைக் கழட்டிட்டு சாதாப் பெடல் மாட்டி, இப்ப நான்தான் கடைக்குப் போய்ட்டு வரேன். அவர் சொன்னதுல ஒண்ணு நிஜம்: சைக்கிள் பறக்குது.