ஆறினால் தேறும் ஈயம்

கட்டர் கிரீக், மொன்டானா
மே மாதம், கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை டெல்மருக்கு, மச்சான் ஆர்வில் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஆர்டிஸும் கர்த்தர் புண்ணியத்தில் நலம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்கால்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வயல்களில் கோதுமை முளைத்துவிட்டது. பாதிரியார் இன்னும் இருமிக்கொண்டுதான் பிரசங்கம் செய்கிறார். விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் போனில் நீ பேசியதை நான் மறக்கவில்லை. "மச்சான், அந்த ஒழுகல் பானையத் தூக்கிக் குப்பையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். ஒங்க குண்டு எங்க போகும்னு காத்துக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். ஜூன் மாதம் எருமை உருவ இரும்புத் தகட்டைத் தூரத்திலிருந்து சுடும் போட்டியில் நான் சுட, பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து காற்றைப் பார்த்துச் சொல்ல நீ வேண்டும். ஜோடி இல்லாதவனை மைதானத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். போன வருஷம் நம் தகட்டில் ஒரு குண்டுகூடப் படவில்லை என்பது உண்மைதான். பக்கத்து ஜோடியின் தகட்டில் ஒன்று பட்டதே, அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. போகட்டும். நல்ல சேதி என்னவென்றால், குண்டு வார்க்க ஈயம் உருக்கும் அந்தப் பானையை என் கையாலேயே பழுது பார்த்துவிட்டேன். புதுப்பானைக்கு அவசியமே இல்லை. நீ தைரியமாகப் புறப்பட்டு வரலாம்.

பழுது பார்த்த விவரத்தை எழுதாவிட்டால் நம்பமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். முதலில் அந்தச் சொட்டு. பானையின் அடியில் இருக்கும் குழாய்மூக்கை அடைக்கிற கம்பி தேய்ந்துபோய், ஈயம் உருகினால் போதும், ஜலதோஷம் பிடித்த மூக்கு மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பியின் நுனியை அரத்தால் ராவி, மசை போட்டுத் திருகித் திருகித் தேய்த்தேன். சொட்டு சுத்தமாக நின்றுவிட்டது. எவ்வளவு சுத்தமாக என்றால், கைப்பிடியைத் தூக்கினாலும் ஈயம் வரவில்லை. மூக்குக்கு மட்டும் கொஞ்சம் சூடு காட்டலாம் என்று வாயு விளக்கைக் கொண்டுபோனேன். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்து மேஜையில் பரவி, விளிம்பிலிருந்து என் இடது பூட்ஸின் மேல் இறங்கிவிட்டது. காலை உருவிக்கொண்டேன், கால் தப்பியது. பூட்ஸைத் தரையிலிருந்து பெயர்க்கக் கடப்பாரை தேவைப்பட்டது. அப்போது ஆர்டிஸ் காப்பியோடு வந்து வாசலில் நின்று, "ஏங்க, அந்தப் பானைக்கு ஒங்க மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டாள். உன் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த வாய் இருக்கிறது.

பிறகு சூடேற்றும் கம்பிச்சுருள் போய்விட்டது. புதிய சுருள் போட்டேன். சூட்டை அளவாக வைத்துக்கொள்ளும் திருகும் கூடவே போயிருந்ததால், பரணில் கிடந்த பழைய மின்சார வாணலியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினேன். பரணில் கிடந்தது என்றுதான் நான் நினைத்தேன். மறுநாள் காலையில் ஆர்டிஸ் முட்டை பொரிக்கப் போனபோதுதான் அது உபயோகத்தில் இருந்தது என்று தெரிந்தது. ஆனால் திருகு பிரமாதமாகப் பொருந்திவிட்டது, மாப்பிள்ளை. அதில் 'அப்பம்' என்று போட்டிருந்த இடத்தில் வைத்தால் ஈயம் பாலாக உருகுகிறது.

அன்றைக்குத்தான் டயர் கடைக்காரன் சக்கரத்தின் எடையைச் சமன்செய்ய மாட்டுகிற பழைய கட்டிகளை ஒரு வாளி நிறையக் கொடுத்திருந்தான். அந்த வாளியில் ஈயக் கட்டிகளோடு துத்தநாகக் கட்டிகளும் கலந்திருக்கும் என்பது உனக்குத் தெரியும். சூடு அளவாக இருந்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம். தப்பித்தவறி உருகிக் கலந்துவிட்டால் பானையிலிருப்பது மொத்தமும் கஞ்சிதான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியைப் பானையில் கவிழ்த்து, அழுக்குப் பிரியட்டும் என்று ஒரு மெழுகுவர்த்தித் துண்டையும் போட்டேன். வழக்கம்போலக் குப்பென்று புகை கிளம்பியது. அந்த நேரம் பார்த்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதினார்கள்.

சங்கு ஊதினால் நான் நிற்கமாட்டேன் என்பது ஊருக்கே தெரியும். ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்த நாள்முதல் ஒரு அழைப்பைக்கூட நான் தவறவிட்டதில்லை. போட்டது போட்டபடி வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு தீயணைப்பு வண்டியின் பின்படியில் தொற்றி ஏறினேன். ஓட்டிக்கொண்டிருந்த கிளிஃபர்ட், "எல்க் தெருவுலயாம், ஏதோ கொட்டகையில புகையாம்" என்றான். நம்ம தெருவாச்சே, பாவம் யார் வீடோ என்று நான் வழி முழுக்க வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன். வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. குழாயைத் தூக்கிக்கொண்டு முதலில் குதித்தவனும் நான்தான். ஆர்டிஸ் கொட்டகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்று, உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் கூரையோடு போய்விடும், உள்ளே கால் வைத்தால் தொலைத்துவிடுவேன் என்று கிளிஃபர்டை விரட்டினாள். வந்ததற்கு எல்லோருக்கும் காப்பியும் ருபார்ப் கேக்கும் கொடுத்தாள். எதிர்வீட்டுப் புதுக்குடித்தனக்காரி புகையைப் பார்த்துப் பயந்து போன் செய்திருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை.

படையினர் சாப்பிட்டு முடித்துக் கிளம்ப நேரமாகிவிட்டது. நான் திரும்பிப்போய்ப் பானையைப் பார்த்தால், மாப்பிள்ளை, மேலே ஒரு கட்டிகூட மிதக்கவில்லை. துத்தநாகமே இல்லாத அப்படியொரு சுத்தமான வாளியை என் ஆயுசில் பார்த்ததில்லை. டயர் கடைக்காரனுக்கு நன்றி சொல்லி ஆள் அனுப்பினேன். வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கெட்டியாக, தயங்கித் தயங்கித்தான் இறங்கியது. குண்டுகளும் கொஞ்சம் சுருக்கம் விழுந்து, ஓரம் மழுங்கி, ஊறவைத்த திராட்சை மாதிரி இருந்தன. அச்சு குளிர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. வார்த்த குண்டு இறுக இரண்டு வாரம் ஆற வேண்டும் என்று நீயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும் காப்பித்தூள் தகர டப்பாவில் போட்டு மூடி, கொட்டகை அலமாரியில் வைத்தேன். ஆர்டிஸ் ஒன்றை மட்டும் எடுத்து விளக்கடியில் உருட்டிப் பார்த்து, திரும்பத் தகரத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இந்த நுணுக்கமெல்லாம் அவளுக்கு எங்கே புரியப்போகிறது?

நேற்று தகரத்தைத் திறந்தேன். இனிமேல்தான் நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். சுருக்கம் போன இடம் தெரியவில்லை. ஓரமெல்லாம் கூர்மையாக, கண்ணாடி மாதிரி பளபளவென்று, தராசில் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசமில்லாமல் நிற்கின்றன. ஆறப்போட்டால் ஈயம் இறுகும் என்றுதான் இத்தனை காலம் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். ஈயம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று இப்போதுதான் தெரிகிறது. அடுத்த துப்பாக்கிச் சங்கக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லப்போகிறேன். ஆகையால் நீ சொன்ன நிபந்தனை அடிபட்டுப்போயிற்று. நம் இருவர் பெயரையும் போட்டிக்குக் கொடுத்துவிட்டேன். வந்து பக்கத்தில் உட்கார். நீ உட்காரும் மடக்கு நாற்காலியை நீ இல்லாமல் போன வாரம் வண்டியில் ஏற்றிப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உனக்கு நல்ல பார்வையையும், எனக்கு நிதானமான கையையும், நம் இருவருக்கும் காற்றில்லாத காலைப்பொழுதையும் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஆர்வில் ஹாகன்

பின்குறிப்பு: தம்பி டெல்மர், இது அக்கா. தபாலில் போடச் சொல்லி என் கையில்தான் கொடுத்தார். ஒட்டுவதற்கு முன்னால் படித்தேன், அதனால்தான் எழுதுகிறேன். வாளி முழுக்கத் துத்தநாகம் இருந்தது. அவர் படையோடு உட்கார்ந்து கேக் தின்ற நேரத்தில் பானை கொதித்து, எல்லாம் கலந்து கஞ்சியாகிவிட்டது. அவர் வார்த்தது ஒன்றுகூட உருப்படியில்லை. நீ வரமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை, அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காலையில் ஊர்க்கதை பேசக் காப்பிக் கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் முகாம் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து, நல்ல ஈயமாக உருக்கி, அவர் அச்சிலேயே கரண்டியால் நானே வார்த்துத் தகரத்தில் போட்டேன். அவருடையதை ஊர்க்குப்பைக்கு அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே. சங்கத்தில் எழுந்து பேசாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அவர் போட்டியில் சுடுகிற துப்பாக்கியையே எடுத்துப்போய்ச் சில காலைகள் சுட்டுப் பார்த்தேன். தகடு நன்றாகச் சத்தம் போடுகிறது. அதனால் போட்டிக்கு என் பெயரையும் கொடுத்திருக்கிறேன். அவர் சுட்டு முடித்ததும் நீ நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதே, எனக்கும் நீதான் காற்றுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே காற்று. இந்தத் தடவை பானைமேல் பழி போட அவருக்கு வழியே கிடையாது. அவசியம் வந்துவிடு.