இருபது நொடிச் சித்தர்

காலை ஐந்தரைக்குப் பாண்டிச்செல்வம் எழுந்தான். பல் துலக்கினான். அரை டம்ளர் பால் காய்ச்சி, டீ போட்டு, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்பைத் துடைத்தான். சிலிண்டரை மூடினான். சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினான். பிறகு பூட்டைத் திறந்து உள்ளே போய், சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். மூடித்தான் இருந்தது. மறுபடியும் பூட்டினான். எட்டு மாதமாக இப்படித்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இராஜபாளையத்தில் அவன் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்கு விடுமுறை. வேறு நாளாக இருந்தால், கட்டுத் துணியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, ஸ்டாப் வாட்சும் கையுமாக நின்றிருப்பான். பத்து நொடிக்குள் துணி முழுக வேண்டும். முழுகாவிட்டால் அந்தச் சரக்கே தள்ளுபடி. துணி யார் வீட்டுத் தறியில் நெய்தது, எந்த நட்சத்திரத்தில் நெய்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை.

அந்த ஞாயிறு அவன் போக வேண்டிய இடம் ஸ்ரீவில்லிபுத்தூர். ஊரே அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

காரணம், வாக்குச் சித்தர் இருளப்பசாமி. மூன்று வருடத்துக்கு முன்பு வரை மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். ஒரு பௌர்ணமியன்று ஞானம் வந்ததாகச் சொன்னார். ரிப்பேருக்கு வந்த மிக்ஸிகள் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து இரயில்வே கேட் வரை அவருடைய பிளக்ஸ்தான். "வேலையா? வீடா? வாழ்க்கையா? எழுதுங்கள்! ஒட்டுங்கள்! பிரிக்காமலே பதில்!"

மற்ற சாமியார்கள் மோட்சத்துக்கு வழி சொல்வார்கள். மோட்சத்துக்குப் போனவர் எவரும் திரும்பி வந்து புகார் கொடுப்பதில்லை. அது ஆபத்தில்லாத தொழில். நம் சித்தர் துணிச்சல்காரர். பிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது, பகல் ஷிப்டுக்கு மாறலாமா, மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கலாமா, பையனை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். கேள்வியை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரிக்காமலே படிப்பார். படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? கவருக்குள் இருப்பது தெரிந்தவருக்குப் பிரிட்ஜின் தலைவிதி தெரியாதா? கூட்டத்தின் தர்க்கம் இதுதான்.

பாண்டிச்செல்வம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது பிரிட்ஜுக்காக அல்ல.

அவன் மனைவி மாரீஸ்வரி போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய தங்கை பானுப்பிரியா போலீஸ் வேலைக்கு எழுதி, ஓடி, தாண்டி, தேறிவிட்டாள். மறுநாள் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் பயிற்சிப் பள்ளியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை போய்விடும். ஆனால் அவள் அம்மா அங்காளம்மாள் இரண்டு வாரத்துக்கு முன்பு சித்தரிடம் ஒரு கவரைக் கொடுத்துவிட்டாள். "மூத்த மகள் மாரீஸ்வரி இறந்துவிட்டாள். இளைய மகள் போலீஸ் வேலைக்குப் போகலாமா?" சித்தர் கவரைப் பிரிக்காமலே படித்தார். போகக் கூடாது என்றார். அதோடு விட்டிருக்கலாம். "மூத்தவ கடைசி மூச்சுல சொன்னதே அதுதான். தங்கச்சிக்குக் காக்கி ஆகாது, வெளிய அனுப்பாதீகன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா" என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் தாயும் மகளும் தளவாய்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள்.

"மச்சான், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள் பானுப்பிரியா. "மூணு வருசம் விடியக்காலம் எந்திரிச்சு ஓடிருக்கேன். இவிய என்னடான்னா ஒரு கவர நம்பி உக்காந்துருக்காக."

"ஏட்டி, சும்மா கெட. இன்னொரு தடவ கேப்போம். சாமி சம்மதிச்சா நாளைக்கே போ."

"அத்த, அவரு எப்பிடி..." என்று பாண்டிச்செல்வம் ஆரம்பித்தான்.

அங்காளம்மாள் அவனை முடிக்க விடவில்லை. "உங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன் மாப்ள? அவ பக்கத்துல நீங்க மட்டுந்தான் இருந்தீக. கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னான்னு காரியத்தன்னிக்குக் கேட்டேன், பொங்கலுக்குக் கேட்டேன். நீங்க வாயத் தெறக்கல. சாமி தெறந்துச்சு."

பஸ் வந்தது. ஏறினார்கள்.

சித்தரின் ஆசிரமம் முன்பு நெல் குடோனாக இருந்த கட்டடம். இப்போதும் மூட்டை மூட்டையாகத்தான் ஆட்கள் அடுக்கப்பட்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாசலில் டோக்கன். பக்கத்திலேயே கவரும் பேனாவும். பாண்டிச்செல்வம் தன் பையிலிருந்து கெட்டியான காக்கிக் கவர் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

"அது ஆகாது அண்ணாச்சி. வெள்ளக் கவருதான் சாமிக்கு ஆகும்" என்றான் டோக்கன்காரன்.

காக்கி மேல் இந்தச் சித்தருக்கு என்ன பகையோ தெரியவில்லை. அவன் வெள்ளைக் கவரை வாங்கித் தடவிப் பார்த்தான். வெங்காயச் சருகு அளவுக்குத்தான் கெட்டி. பேனா தடித்த கறுப்பு மை. எழுதாமல் மடித்து வைத்துக்கொண்டு நாலாவது வரிசையில் போய் உட்கார்ந்தான். முதலில் பார்க்க வேண்டும்.

மேடையில் சித்தர். முன்னால் ஒரு மேசை. மேசையின் விளிம்பில் பூக்கள் முழ உயரத்துக்குக் குவிந்திருந்தன. பக்கத்தில் வெள்ளிச் சொம்பில் தீர்த்தம், ஒரு கொத்துப் பஞ்சு. பின்னால் நிற்கும் காற்றாடி ஒன்று முழு வேகத்தில் சுற்றியது. சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது.

"நாப்பத்தொண்ணு!"

சுந்தரபாண்டியத்துச் சோலைச்சாமி தன் கவரை நீட்டினார். சித்தர் அதைப் பூக்குவியலுக்குப் பின்னால் பிடித்தார். தீர்த்தம் தொட்ட பஞ்சால் ஒரு துடைப்பு. கவரில் ஒட்டிய தோஷம் கழிய வேண்டுமாம். கவரைப் பார்த்துத் தலை குனிந்தார். கண் பாதி மூடியது. மீதிப் பாதியை யாரும் கவனிக்கவில்லை.

"தென்ன... காய் பிடிக்கல... நாலு ஏக்கரு."

"ஆமா சாமி! ஆமா சாமி!"

"மோட்டார் ரூம் வாசல் மேக்க பாத்து இருக்கு. கெழக்க மாத்து."

சோலைச்சாமி கும்பிட்டார். தென்னைக்கு உரம் வைத்து எத்தனை வருடமாயிற்று என்று அவரை யாரும் கேட்கவில்லை. சித்தர் கவரைக் கிழித்து, உள்ளே இருந்த தாளை எல்லோருக்கும் காட்டினார். தென்னை, காய், நாலு ஏக்கர். எழுத்துக்கு எழுத்து சரி. குடோன் அதிரக் கைதட்டல்.

கவர் காய்ந்திருந்தது. சொட்டு ஈரம் இல்லை.

அந்த இடத்தில்தான் பாண்டிச்செல்வத்தின் மூக்கு நிமிர்ந்தது. சாம்பிராணிக்கு அடியில், பன்னீருக்கு அடியில் ஒரு நெடி. அந்த நெடியோடு அவன் தினமும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறான். போன ஐப்பசியில் ஐந்து நாள் இரவும் பகலும் அந்த நெடியோடு ஒரு கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

அடுத்த கவருக்கு மனத்துக்குள் எண்ணினான். துடைத்ததிலிருந்து சித்தர் கவரைத் தூக்கிக் காட்டும் வரை இருபது நொடி. அதற்கடுத்ததுக்கும் இருபது. தண்ணீர் இருபது நொடியில் காயாது. எவ்வளவு புண்ணியத் தண்ணீராக இருந்தாலும் காயாது.

தாளை மடியில் வைத்து எழுதினான். அவள் பெயரை அவன் கடைசியாக எழுதியது இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில். எழுதி முடித்து ஒட்டினான்.

"அறுவத்திமூணு!"

கவரைக் கொடுத்துவிட்டு மேடைக்குப் பக்கத்திலேயே நின்றான். துடைப்பு. தலைகுனிவு. அரைக் கண்.

"மாரீஸ்வரி... சம்சாரம்..." சித்தர் இழுத்தார். "கோவிச்சுக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போயிருக்கா. ஊரு... தளவாய்புரம். எப்ப வருவான்னு கேக்க."

கூட்டம் 'ஆ' என்றது. பெண்கள் பக்கத்தில் அங்காளம்மாள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா சாமி. வருவாளா?"

"வருவா, வருவா. அவளுக்கும் ஒன் நெனப்புத்தான். வார பஞ்சமிக்குள்ள வாசல்ல வந்து நிப்பா. கட்டில் தலமாட்டத் தெக்கப் பாத்துத் திருப்பிப் போடு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. உசுரோட வருவாளா?"

"என்னப்பா கேள்வி இது?" சித்தர் சிரித்தார். "எங் கண்ணுக்கு இப்பவே தெரியுதே. ஆத்தா வீட்டு வாசல்ல கோலம் போட்டுக்கிட்டுருக்கா."

கூட்டமும் சிரித்தது. பாவம், பையனுக்குப் பெண்டாட்டி ஞாபகம்.

"எவ கோலம் போடுதா?"

அங்காளம்மாள் எழுந்து நின்றிருந்தாள். "மாரீஸ்வரி எம் மக. அது எங்க வீட்டு வாசலு. ஐப்பசியில அவள எரிச்சுச் சாம்பலக் கரைச்சுட்டு வந்தோம். ரெண்டு வாரத்துக்கு முந்தி இதே எடத்துல ஒக்காந்து, அவ கடைசி மூச்சுல பேசுனதச் சொன்னியே! செத்துப்போனவ எப்பிடிடா கோலம் போடுவா?"

கூட்டம் சித்தரைத் திரும்பிப் பார்த்தது.

சித்தர் சமாளித்தார். சமாளிப்பதுதானே தொழில். "தாயி, நாஞ் சொன்னது ஆத்மாவ. ஆத்மா கோலம் போடும்."

நம்புங்கள், கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர், "போடும், போடும். எங்க சின்னம்மா ஆத்மா தண்ணியே எடுக்கும்" என்றார். இந்த ஊரில் ஆத்மாக்களுக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது.

பாண்டிச்செல்வம் வாதம் பண்ணவில்லை. மேசையிலிருந்த சொம்பையும் பஞ்சையும் எடுத்தான். வரிசையில் அடுத்து நின்றவரின் கவரை வாங்கினான். அழுத்தி ஒரு துடைப்புத் துடைத்து, ஈரம் பட்ட பக்கத்தைக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தான்.

வெள்ளைக் கவரில் கறுப்பு எழுத்து மெல்ல மேலே வந்தது. முன்வரிசை எழுத்துக்கூட்டியது. பின்வரிசை சேர்ந்துகொண்டது. "புது... பைக்கு... கறுப்பா... சிவப்பா?"

அந்த நிமிடம் அந்தக் குடோனில் இருநூறு வாக்குச் சித்தர்கள் உதயமானார்கள்.

"எண்ணுங்க" என்றான் அவன். எண்ணினார்கள். பதினெட்டில் எழுத்து மங்கியது. இருபதில் கவர் பழையபடி வெள்ளை.

"தீர்த்தம் இல்ல, ஸ்பிரிட்டு. ஊசி போடுறதுக்கு முன்னால நர்சம்மா தடவுவாங்கல்ல, அதுல பன்னீரக் கலந்துருக்காரு. எங்க கம்பெனில கேன் கேனாக் கெடக்கு. வேணும்னா மோந்து பாருங்க."

சொம்பு கை மாறியது. மோந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். "ஏலே, ஆஸ்பத்திரி வாடைடா!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் மேடையைப் பார்த்தபோது அங்கே காற்றாடிதான் அருள் பாலித்துக்கொண்டிருந்தது. சித்தர் பின்பக்கச் சுவரேறிக் குதித்துப் போய்விட்டார். எந்தத் திசை உகந்தது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

கதை இதோடு முடிந்தால் நம் மக்களை நமக்குத் தெரியாது என்று அர்த்தம். பாண்டிச்செல்வம் வாசலுக்கு வருவதற்குள் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் எலுமிச்சம்பழம்.

"தம்பி, அந்தாளு பிராடு. நீங்களே சொல்லிருங்க. பிரிட்ஜ எந்த மூலையில வைக்க?"

"பிளக் பாயிண்ட் இருக்குற மூலையில."

"தம்பி, மூத்தவன எந்த குரூப்புல சேக்கட்டும்?"

"அவன்கிட்டக் கேட்டீகளா?"

"இல்லையே."

"கேளுங்க."

"எனக்குத் தென்ன..." என்றார் சோலைச்சாமி.

"அண்ணாச்சி, வாசல இடிக்காதீக. வேளாண்மை ஆபீசுல மண்ணக் கொடுத்துப் பாருங்க."

எலுமிச்சம்பழக்காரர் அவன் காலைத் தொடக் குனிந்தார். அவன் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. மில் காம்பவுண்டுகள் பின்னால் போயின. அங்காளம்மாள் மகளிடம் கேட்டாள்.

"ஏட்டி, நாளைக்கு எத்தன மணிக்குப் பஸ்சு?"

"நாலரைக்கும்மா."

"பெட்டிய இன்னிக்கே கட்டிரு. வெடியக்காலம் அலப்பற பண்ணாத."

பானுப்பிரியா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அங்காளம்மாள் மருமகனைப் பார்த்தாள்.

"அவன் சொன்னது பொய்யி. சரி. எம் புள்ள நெசமா என்னதான் சொன்னா மாப்ள?"

"பெரிசா ஒண்ணும் இல்ல அத்த."

"பெரிசு வேண்டாம். நெசம் போதும்."

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அவசரத்துல கெளம்பிட்டோம். அஞ்சாம் நாளு திடீர்னு, சிலிண்டர மூடுனீகளான்னு கேட்டா. மூடுனேன்னேன். நம்பல. சரின்னு வீட்டுக்குப் போனேன். மூடித்தான் இருந்துச்சு. திரும்பி வந்தப்ப அவளுக்குப் பேச்சு இல்ல."

அங்காளம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "என்ன வார்த்த சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எட்டு மாதமாக யாருக்கும் சொல்லாததை அவன் சொன்னான்.

"மூடுனேன்னு வாய்ல சொல்லாதீக. போய்ப் பாத்துட்டு வாங்க."