ஏழாவது வரியில் ஓடும் ஜரிகை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
சித்திரை 6

பெருமதிப்பிற்குரிய அதிகாரி குமாரசாமி ஐயா அவர்களுக்கு,

விசாகப்பட்டினத்தில் உங்கள் கீழ், கப்பல் சோதனைக்குத் திட்டம் போடும் பிரிவில் வேலை செய்யும் காயத்ரியின் தகப்பன், நெசவாளி கைலாசம் கைகூப்பி எழுதுகிறேன். நானும் என் மனைவி ஏலவார்குழலியும் இவ்விடம் சுகம். நீங்களும் குடும்பத்தாரும், கடலில் இறங்கப்போகும் கப்பலும் சுகமாயிருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் திருநெல்வேலிக்காரர் என்று காயத்ரி சொல்லியிருப்பதால் தமிழிலேயே எழுதத் துணிந்தேன். விஷயம் இதுதான். உங்கள் புதுப் போர்க்கப்பலின் சோதனைத் திட்டத்தை நான் தெரியாமல் பட்டுச்சேலையில் நெய்துவிட்டேன். நாலு கெஜம் முடிந்துவிட்டது.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். காயத்ரிக்கு வைகாசி பன்னிரண்டாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை ஆனந்தகுமார் உள்ளூர்தான், நல்ல பையன். மாசியில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவளிடம், உன் முகூர்த்தச் சேலைக்கு பார்டரை நீயே வரைந்து கொடு என்று சொல்லி, டிசைன் வரைய வைத்திருக்கும் கிராஃப் தாளைக் கொடுத்தேன். சரிப்பா என்றாள். அப்புறம் இரண்டு நாள் அந்தத் தாளும் பென்சிலுமாகத் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. சேலைமேல் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஒரே பெருமை. ஊருக்குப் போகிற அவசரத்தில் ஒரு தாளை விட்டுவிட்டுப் போனாள். எடுத்துப் பார்த்தால் பதினான்கு வரி, வரிக்கு நாற்பத்திரண்டு கட்டம், சில கட்டம் நிரப்பியிருக்கிறது, சில கட்டம் காலி. பார்டர் டிசைன் வேறு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். கட்டம் நிரப்பியிருந்தால் தறிமேல் மாட்டும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை, ஓட்டை விழுந்த இடத்தில் சேலையில் ஜரிகை. முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அட்டை குத்தும் மணிவண்ணனிடம் கொடுத்தேன். ஓரத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருந்த பட்டையை, இது அட்டைக்கு எதற்கு என்று அவர் கத்தரித்துப் போட்டுவிட்டார்.

நேற்று என் மனைவி வீடியோ காலில் மகளிடம் பேசியபடியே போனைத் தறிப் பக்கம் திருப்பினாள். அதைப் பார்த்ததும் காயத்ரி கத்தினாள்.

"அப்பா, அந்தத் தாளையா நெய்ஞ்சிக்கினு இருக்கிற? அது எங்க கப்பல் டெஸ்ட் பிளான்பா. தறிய நிறுத்து. யாருக்கும் காட்டாத."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உங்கள் அலுவலக வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே, அதற்குமேல் கிடைக்கவில்லை. யாருக்கும் காட்டாதே என்று அவள் சொன்னபோது, எதிர்வீட்டார், சாயப்பட்டறைக்காரர், தறியில் பாவு நூல் பிணைக்க வந்தவர் எல்லாரும் பார்த்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சம்பூர்ணம் அம்மாள் தொட்டே பார்த்தார். இதே பார்டரில் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். என் மனைவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததைச் சொல்லாமல் விட்டால் பாவம், அதையும் சொல்லிவிட்டேன்.

ஐயா, உங்கள் வேலையின் அருமை தெரியாதவன் இல்லை நான். காயத்ரி எனக்கு விளக்கியிருக்கிறாள். ஒரே மாதிரி பல கப்பல் கட்டப்போகிறார்கள், அதில் முதல் கப்பலைத்தான் உருட்டிப் புரட்டிச் சோதிப்பார்கள், அதில் கண்ட குறை அடுத்ததில் வரக்கூடாது என்றாள். சரிதானே. எங்கள் வீட்டிலும் புது டிசைனில் முதல் சேலையை விற்கிற வழக்கமில்லை. என் மனைவி கட்டிக்கொண்டு சமைத்து, துவைத்து, பஸ்ஸில் இடிபட்டு வந்த பிறகுதான் இரண்டாவது சேலை. முதலில் கரையோரம் நிறுத்தி இன்ஜினைப் பார்ப்பார்களாம், அப்புறம் கடலில் வேகம், திரும்புவது, நிற்பது, பீரங்கி எல்லாம் கடைசியில். எது நடந்தால் பாஸ், எது நடந்தால் ஃபெயில் என்று சோதனைக்கு முன்னாலேயே எழுதிவைத்துவிட வேண்டுமாம், பார்த்த பிறகு மனசை மாற்றக்கூடாதாம். இதைச் சேலை எடுக்க வருகிறவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

எதிரி கையில் சிக்கினால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தேன். சேலைக்கு இரண்டு பக்கமும் பார்டர் உண்டு. வலது பக்கம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி விழும். அதைப் படிக்கிறவன் முதலில் பீரங்கி சுட்டுவிட்டுக் கடைசியில்தான் இன்ஜினைப் போடுவார்கள் என்று நினைப்பான். தவிர, அதே டிசைன் முந்தானை வரைக்கும் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. ஒரே கப்பலை நாற்பது தடவை சோதிக்கிறார்களா என்று அவனே சோர்ந்துபோக வாய்ப்பிருக்கிறது. மேலிருந்து ஏழாவது வரி மட்டும் ஒரு கட்டம்கூட விடாமல் ஒரே ஜரிகைக் கம்பியாக ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் மெச்சினார்கள். அது எந்தச் சோதனையோ, ரொம்ப முக்கியமானது என்று எதிரி கண்டுபிடித்துவிடுவான், அது ஒன்றுதான் பயம்.

தறியை வேட்டி போட்டு மூடிவிட்டேன். அட்டைகளைக் கட்டி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறேன். சேலையை அறுத்து அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன், கொளுத்தச் சொன்னால் கொளுத்துகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. காயத்ரியின் வேலைக்கு மட்டும் ஒன்றும் வந்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கல்யாணத் தேதியையும் தள்ள முடியாது, வரதர் கோயில் கருட சேவைக் கூட்டத்துக்கு நடுவில் மண்டபம் கிடைத்ததே பெரிது. லீவு கேட்டாயா என்றால், பிளான் முடியட்டும்பா என்கிறாள். அந்தப் பிளானையும் நான் கெடுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழட்டும். கப்பல் எல்லாச் சோதனையிலும் பாஸாகட்டும்.

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கைலாசம்

பின்குறிப்பு: உறை ஒட்டும் நேரத்தில் காயத்ரி கூப்பிட்டாள். கோபம் போய்ச் சிரித்தாள். அது இரண்டு மாதத்துக்கு முன் போட்ட வெறும் முதல் வரைவாம், அதற்கப்புறம் ஐந்து தடவை மாற்றியாகிவிட்டதாம், எதிரி பார்த்தாலும் ஒன்றும் கிடைக்காதாம். இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு வரியும் ஒரு சோதனை இல்லையாம், ஒரு ஆளாம். ஒரு கட்டம் ஒரு நாள், நிரப்பியிருந்தால் அந்த ஆள் அன்றைக்குக் கப்பலில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. அப்படியானால் அந்த ஏழாவது வரி யார் என்று கேட்டேன்.

"நான்தான்பா."

புதுப் பிளானில் எப்படி என்றேன்.

"அதுலயும் அப்படியேதான் இருக்குதுப்பா. பிளான் போட்டதே நான்தான். என் பேருக்கு நேரா காலி விட மனசு வரல. சார்கிட்ட லீவு கேக்கவும் வாய் வரல."

ஆகவே ஐயா, மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். சேலையை அறுக்கப் போவதில்லை, நாளைக் காலையில் மறுபடி தறியில் உட்காருகிறேன். புதுப் பிளானில் ஏழாவது வரியைப் பாருங்கள். வைகாசி பத்தாம் தேதி முதல் ஐந்தே ஐந்து கட்டம் காலியாக வேண்டும். என் பக்கம் அட்டை குத்தியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. உங்கள் தாளில் இன்னும் கையெழுத்து விழவில்லை என்று அவளே சொன்னாள்.