கடல் தெரியாத கம்ப்யூட்டர்

தங்கச்சிமடம்,
புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பஹ்ரைன் கடலில் இருக்கும் டென்னிஸ் அண்ணனுக்கு, தங்கச்சி பிரெசில்லா மரியாதையோடு எழுதுவது. இங்கே அய்யா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். போன லீவில் நீ எனக்கென்று வாங்கி நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரும் சுகம். வீட்டை விட்டு இன்னும் வெளியே போகாததால் அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை. நீயும் உன் படகில் இருக்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் கேட்டுக்கொண்டேன்.

போன் இருக்கும்போது எதற்கு நோட்டில் எழுதுகிறேன் என்று கேட்பாய். நம் வீட்டில் போன் பேசினால் அது ஸ்பீக்கரில்தான் இருக்க வேண்டும் என்பது அய்யாவின் சட்டம், உனக்கே தெரியும். மெசேஜ் தட்டினால் "யாருக்குத் தாயி, என்னவாம்?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். நோட்டில் எழுதினால் மட்டும் பிள்ளை படிக்கிறது என்று நினைத்து, சத்தம் காட்டாமல் நுனிக்காலில் நடந்து போய்விடுகிறார். அதனால் எழுதி முடித்துப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ இன்று சாயங்காலம் கரைக்கு வருவாய் என்று அம்மா சொன்னாங்க. வந்ததும் முதல் வேலையாக இதைப் படித்துவிட்டு அய்யாவுக்குப் போன் போடு. என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே, வரிசையாகப் படித்தால்தான் விளங்கும்.

உச்சிப்புளியில் ஒரு பாசி கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன் அல்லவா. கடல்பாசி வளர்க்கும் அக்காமார்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுக்கிற வேலை. வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், முதலில் எல்.எல்.ஆர். நகலாவது வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்ததாக இருக்கும் நயினார்கோவில் பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம், அவளிடம் லைசென்சே இருக்கிறது என்று அந்த ஆபீசில் மிக மரியாதையாகச் சொன்னார்கள். எல்.எல்.ஆர். என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை அண்ணே. கம்ப்யூட்டர் பத்துக் கேள்வி கேட்கும், ஆறு சரியாகச் சொன்னால் போதும், பாதிக்கு மேல் சாலைக் குறிகள்தான். முதல் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சர்டிபிகேட் வாங்கிப் படித்த எனக்கு இது ஒரு ராத்திரிப் பாடம். அப்படித்தான் நானும் நினைத்தேன், குறிகள் அச்சடித்த சார்ட் ஒன்றை வாங்கிவந்து அடுப்படிச் சுவரில் ஒட்டும் வரைக்கும்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் வரிசையாகக் கரையில் கட்டிக் கிடக்கிறது. அய்யா கிழிந்த வலையைப் பொத்தி முடித்து, படகுக்குப் பெயின்ட் அடித்து முடித்து, அம்மாவுக்குச் சமையல் சொல்லிக் கொடுக்கப் போய்த் திட்டு வாங்கி முடித்து, செய்ய வேறு வேலை இல்லாமல் நின்ற நேரத்தில் இந்தச் சார்ட் அவர் கண்ணில் பட்டது. "என்னத்தா இது, புதுசா?" என்றார். சொன்னேன். "இதையா படிக்கிறே? முப்பது வருசமா நான் டிரைவரு. என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?" என்றார். விசைப்படகில் சுக்கான் பிடிக்கிறவரை இங்கே டிரைவர் என்று சொல்வதால் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. பேசாததை அய்யா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. உனக்குத் துணைக்கு நானும் எழுதுகிறேன் என்று தன் பெயருக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டார். ஸ்கூட்டரை அய்யா தொடக்கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனதை அம்மா ஞாபகப்படுத்தியதற்கு, "தொடல. படிக்கத்தானே போறேன்" என்றார்.

அண்ணே, அதற்கப்புறம் ஒரு வாரம் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது. சிவப்பு வட்டத்துக்குள்ளே நாற்பது என்று இருக்கிறதே, நாற்பதுக்கு மேல் வேகம் கூடாது என்ற குறி, அதை அய்யா இத்தனை வருசமும் காற்று என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "காத்து நாப்பதுக்கு மேல அடிச்சா கடல் பாலத்துல ஏறாதேன்னு போட்டிருக்கான். ரயிலுக்குக் காத்துப் பாத்துத்தானே விடுறான், பஸ்ஸுக்கு மட்டும் பாக்க மாட்டானா?" என்றார். அடுப்பில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மா அப்படியே திரும்பி, "அப்ப என் தங்கச்சி ரெஜினா கல்யாணத்துக்கு வராம நீங்க பாலத்துக்கு முன்னாடியே பஸ்ஸ விட்டு எறங்கிக்கிட்டது இதுக்குத்தானா?" என்று கேட்டாங்க. "அன்னைக்குக் கச்சான் காத்து எப்படி அடிச்சுச்சுன்னு உனக்கு மறந்துபோச்சா ஜோதி?" என்றார் அய்யா. இருபத்திரண்டு வருசமாக அம்மா அதை வேறு ஏதோ கோபம் என்று நினைத்துச் சின்னம்மா வீட்டில் தலைகுனிந்து நின்றிருக்கிறாங்க. அன்றைக்கு எங்களுக்குக் கருவாடு கருகியதுதான் கிடைத்தது.

கொண்டை ஊசி வளைவை அய்யா தூண்டில் முள் என்றார், மீன் பிடிக்கும் இடமாம். கார் தலைகீழாகத் தண்ணீரில் இறங்குகிற படம், துறை ஓரம், கவனமாகப் போ என்பதற்குப் போட்டது. அதை "லோடு எறக்குற எடம்" என்றார். வழுக்கும் சாலை என்பதற்குக் காரின் பின்னால் வளைந்து வளைந்து இரண்டு கோடு வருமே, அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "இது இழுவலைப் படகு தாயி! பின்னால ரெண்டு கயிறு வருது பாரு. வலை போட்டிருக்கான், கிட்டப் போயி அறுத்துராதேன்னு சொல்றான்." நான் ஒவ்வொன்றுக்கும் அப்படி இல்லை அய்யா, இப்படி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கண்ணாடியின் ஒடிந்த காதை நூலால் கட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, விரலை வைத்து வைத்து ஒருவர் அத்தனை ஆசையாகப் படிக்கும்போது எப்படிச் சொல்வது? என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. காலேஜில் மூன்று வருசம் வருகைப் பதிவுக்கு 'எஸ் மேடம்' சொன்னதே எனக்கு அதிகம். அய்யாவுக்கு வந்த குறி ஒன்றே ஒன்று, நுழையாதே. அதைப் படகுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் அடுப்படிக் கதவில் வரைந்து வைத்தார். "உள்ள வராதேன்னா வரல. மத்தியானக் கொழம்பை நீங்களே வச்சுக்கங்க" என்று அம்மா போய்ப் படுத்துக்கொண்டாங்க.

திங்கட்கிழமை இரண்டு பேரும் ராமநாதபுரம் போனோம். பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். நான் நன்றாகத்தான் உட்கார்ந்தேன் அண்ணே, சத்தியமாக எல்லாம் ஞாபகம் இருந்தது. வழுக்கும் சாலைப் படம் வந்தது. அதைப் பார்த்ததும் கார் தெரியவில்லை, நம்முடைய படகும் கயிறும்தான் தெரிந்தது. கை தானாகப் போய், கட்டி இழுத்துச் செல்லும் வண்டி என்ற பதிலை அமுக்கிவிட்டது. தண்ணீரில் இறங்கும் காருக்குச் சரக்கு இறக்கும் இடம். எதிரே வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவாய் என்று கேட்டது. கடலில் வலது பக்கம்தானே ஒதுங்குவார்கள், நானும் சின்னப் பிள்ளையிலிருந்து அதைத்தானே பார்க்கிறேன், வலது என்று அமுக்கினேன். ரோட்டில் அப்படி ஒதுங்கினால் நேராக லாரிக்குள் போவேன். இதற்கு நடுவில் பக்கத்திலிருந்து, "தாயி, உனக்கும் இழுவலைப் படகு வந்துருக்கா?" என்று ஒரு சத்தம். அங்கே அதிகாரியாக இருக்கும் சூஃபியா மேடம், "பெரியவரே, பேசக் கூடாது" என்றாங்க. "பேசலம்மா, விசாரிச்சேன்."

அய்யாவுக்கு இரண்டு மார்க். எனக்கு ஐந்து.

சூஃபியா மேடம் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "டிகிரி முடிச்ச பிள்ளை, வலது பக்கம் ஒதுங்கணும்னு போட்டிருக்கியே, ஏம்மா?" என்று அன்பாகத்தான் கேட்டாங்க. அய்யா முன்னால் வந்து, "அவ சரியாத்தாம்மா போட்டிருக்கா. ஒங்க பெட்டிக்குத்தான் கடல் தெரியல" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தாங்க, சிரித்துக்கொண்டே வியாழக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் மறுதேதி எழுதிக் கொடுத்தாங்க.

திரும்பி வரும்போது பாலம் வரைக்கும் அய்யா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று, "என்னாலதானே தாயி?" என்றார். அந்தக் குரலை நான் இதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார். நான் வாய் திறந்தேன், திறந்தது தப்பு. "கம்ப்யூட்டர் சரியில்ல அய்யா" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணே, அந்த ஒரு பொய் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே பிழைத்து எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வருவதற்குள் நாலு பேரிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஐஸ் கம்பெனியில் சொன்னார். இப்போது தெருவில் எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பழுது என்று தெரியும், தடைக்காலத்தில் சும்மா இருக்கிற ஆம்பளைகள் எல்லாருக்கும் அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கிறது. இன்று காலையில் அய்யா மீனவர் சங்கத்துச் செயலாளரைப் போய்ப் பார்த்திருக்கிறார். நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்து, "படிச்ச பிள்ளைய பெயிலாக்குற பெட்டிய மாத்துங்க" என்று மனு கொடுக்கப் போகிறாராம். மனுவை என்னையே எழுதித் தரச் சொன்னார். அண்ணே, மனு கொடுத்து, மேடத்துக்குக் கோபம் வந்து, தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும், வேலையும் போய்விடும். நயினார்கோவில் பெண் ஏற்கெனவே வண்டியைத் துடைத்து வைத்திருப்பாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது. இன்று சாயங்காலம் அய்யாவுக்குப் போன் போட்டு, நாளை அவர் ராமநாதபுரம் வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல். ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல், நீ ஆம்பளைப் பிள்ளை, உன் பொய் என் பொய்யை விடக் கெட்டியாக இருக்கும். குறிகளைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசக்கூடாது என்றும் சொல். ஆனால் சத்தம் போட்டுச் சொல்லாதே. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் தாங்கமாட்டார். அவர் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை அண்ணே. படித்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இத்தனை வருசத்தில் அவருக்கு ஒரு பாடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அம்மா உனக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிடச் சொன்னாங்க, எட்டாததால் இந்தத் தாளின் மூலையில் போட்டிருக்கிறேன், விரலை வைத்துத் தொட்டுக்கொள். மாதா உன் படகுக்கு ஒரு முழம் முன்னாலேயே போகட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

என்றும் உன் சொல் மீறாத தங்கச்சி,
பிரெசில்லா

பின்குறிப்பு: வியாழக்கிழமை சாயங்காலம். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். அடித்தால் தாள் கிழியும் என்று விட்டிருக்கிறேன். நேற்று இதைப் போட்டோ எடுத்து அனுப்புவதற்கு முன்னால் நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், பிள்ளை என்ன படித்திருக்கிறது என்று பார்க்க அய்யா நோட்டை எடுத்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது முதல் பக்கத்தில் இருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடுங்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் ஒரு வரி விடாமல் படித்தார். முடித்துவிட்டு, "அப்ப பெட்டி நல்லாத்தான் இருந்துச்சா?" என்றார். "ஆமா அய்யா" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இத்தன பேச்சு ஒனக்குள்ள இருக்கா தாயி? வாய்விட்டுச் சொல்லேன், கேட்டுக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிச் சார்ட்டுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சொன்னேன் அண்ணே. ஒவ்வொரு குறியாக, சத்தமாகச் சொன்னேன். என் குரல் அடுப்படியைத் தாண்டிக் கேட்டதென்று அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. சங்கத்துச் செயலாளரை அய்யாவே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "நான் வரட்டுமா, வேண்டாமா?" என்று என்னிடம் கேட்டார். வாங்க என்று நான்தான் கூட்டிப் போனேன். அங்கே அய்யா மூச்சு விடவில்லை. ஒன்பது கேள்வி முடிந்தபோது எனக்கு ஐந்துதான் சரி. பத்தாவது கேள்வி, மலைப்பாதையில் ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் எதிரெதிரே வந்தால் யாருக்கு வழிவிட வேண்டும்? நம் ஜில்லாவில் ஏது மலை, புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே நான் புரட்டவில்லை. நம் கரையில் வல்லப் படகை மேட்டுக்கு இழுத்து ஏற்றும்போது, எதிரே படகு முதலாளி சம்மாட்டியே வந்தாலும் ஒதுங்கித்தான் நிற்பார், ஏற்றுகிறவன் நின்றால் வல்லம் பின்னால் போய்விடும். ஏறுகிறவனுக்கு என்று அமுக்கினேன். ஆறு. பாஸ். அய்யாவுக்கு ஏழு. அந்தக் கேள்வி அவருக்கும் வந்ததாம், "அதுல யோசிக்க என்ன இருக்கு?" என்கிறார். மகளை விட ஒரு மார்க் கூட என்பது இந்நேரம் ஐஸ் கம்பெனி வரைக்கும் போயிருக்கும்.

வரும் வழியில் உச்சிப்புளியில் இறங்கி நகலைக் கொடுத்துவிட்டோம். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். நீ இனி யாருக்கும் போன் போட்டுக் கண்டிக்க வேண்டாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் வண்டி எடுத்தால் லைசென்ஸ் உள்ள ஆள் கூட இருக்க வேண்டுமாம். நம் வீட்டில் அது நீ ஒருவன்தான், முடிந்தால் சீக்கிரம் லீவு கேள். அதுவரைக்கும் நான் பஸ்ஸில்தான் போவேன். ஆனால் முதல் நாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஸ்கூட்டரும் என்னோடு வரும், அய்யா தள்ளிக்கொண்டே வருவாராம். தள்ளுவதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதைச் சூஃபியா மேடத்திடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் ஆபீசை விட்டு வெளியே வந்தார்.