சுறா எண்ணெய் பூசிய கதிரை

இரசாயனவியல் சோதனையில் திறமைச் சித்தி எடுத்தவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நான் முழுமனதாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணியோடு முடிந்தது.

எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. என்னைப் பெற்ற ஐயாவோ, மீன்பிடி வள்ளத்துக்கு ஆள் போதாது, நான் கடலுக்குத்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவரை இளக்குவதற்காகக் குருநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு அன்று என் கணித மாஸ்டர் இணுவிலிலிருந்து சைக்கிளில் வருவதாக இருந்தது. (சுத்த சைவம். முட்டை விற்கும் கடைப் பக்கம்கூடத் திரும்பமாட்டார்.)

வீட்டில் ஆளை உட்காரவைக்க மரியாதைக்குரிய கதிரை ஒன்றே ஒன்றுதான். அதுவும் வெளிறி, வெடித்துக் கிடந்தது. மரத்தின் துவாரங்களை முதலில் எண்ணெயால் அடைத்து, பிறகு மெழுகு பூசவேண்டும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். எந்த எண்ணெய் என்பதையும் வாசிக்கும் பொறுமை மேதைக்கு ஏது? வள்ளத்துக்குள் கடல் புகாமல் காக்கிற சுறா எண்ணெய், ஒரு கதிரைக்குப் போதாதா? சனிக்கிழமை தாராளமாகப் பூசினேன். அது காயுமுன்பே, மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி மேலே தேய்த்தேன்.

"நல்லா மினுங்குதடா!" என்றாள் அக்கா. (மணமா? எங்கள் வீட்டு மூக்குகளுக்குச் சுறா மணம் ஒரு மணமே அல்ல.)

மாஸ்டர் வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். "பிள்ளை கெட்டிக்காரன், நீங்கள் அவனை..." என்று தொடங்கியவர், லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பூனை வந்து கதிரைக் காலை நக்கியது. பிறகு அதன் இனசனம் வந்தது. ஐந்தாவது பூனை மடியில் ஏறியதும் மாஸ்டர் எழும்பினார். கதிரையும் மரியாதையாகக் கூடவே எழும்பியது. அக்கா அதைப் பிடித்து இழுத்தபோது, வேட்டியின் பின்பக்கம் முழுவதும் பலகைக் கோடுகள் மண்ணிறத்தில் அச்சாகியிருந்தன. எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

ஐயா கதிரையை ஒரு விரலால் வழித்து முகர்ந்தார்.

"என்னடா பூசினனீ?"

"சுறா எண்ணெய். மேலை மெழுகு."

"காய விட்டனியோ?"

"இல்லை ஐயா. மெழுகுக்குள்ளையே காயுமெண்டு நினைச்சன்."

ஐயா விரலைத் துடைத்தார். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"சேர், நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். உவனைப் படிக்க அனுப்பிறன். எண்ணெய் காய முன்னம் மெழுகு பூசிறவனை வள்ளத்திலை ஏத்தினா, எல்லாரையும் கடலிலை தாட்டுப்போடுவான்."

மாஸ்டர் வேட்டிக்குப் பதிலாக ஐயாவின் சாரத்தைக் கட்டிக்கொண்டு இணுவிலுக்குச் சைக்கிள் மிதித்தார். சந்திவரை பூனைகள் வழியனுப்பி வைத்தன.

நான் பட்டதாரியானேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை சோதனை பாஸானாலும், செய்தி சொல்ல நான்தான் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டும். அவள் புள்ளிகளைக் கேட்பதில்லை.

"ஓம், நல்லது. கதிரைக்கு ஆர் எண்ணெய் பூசினது?"