ஊதாரி மகனின் அண்ணனுக்கு ஆஜரானவர்

விவிலியத்தைப் பக்தியோடு படித்தவர்கள் உண்டு, சந்தேகத்தோடு படித்தவர்கள் உண்டு. கேஸ் கட்டைப் புரட்டுவதுபோல் படித்த ஒரே ஆத்மா, எங்கள் வில்லியனூர்ப் பக்கத்து வாய்தாதான். சத்தியமாகச் சொல்கிறேன்!

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் யாருக்கும் ஞாபகமில்லை. கூடப்பிறந்த தம்பி மேலேயே கேஸ் போட்டு, புதுச்சேரி கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, ஒவ்வொரு முறையும் "வாய்தா குடுத்துட்டாங்கபா" என்று திரும்பி வந்ததில் ஊர் வைத்த பெயர் இது. விவகாரம் இதுதான்: தம்பி தன் பங்கு நிலத்தை விற்றுக் கடலூரில் ஓட்டல் வைத்தார். ஓட்டல் கவிழ்ந்தது. வெறுங்கையோடு திரும்பியவரை அப்பா கட்டிப்பிடித்து அழுதார். சாவதற்கு முன் மாந்தோப்பைத் தம்பி பேருக்கே எழுதியும் வைத்துவிட்டார். கரும்புக் கொல்லையில் அப்பாவோடு கிடந்து உழைத்த அண்ணனுக்கு வயிறு எரியாதா?

இப்பேர்ப்பட்டவர்தான், எங்கள் கோயிலில் ஞாயிறு பூசைக்கப்புறம் ஒரு சிஸ்டர் நடத்திய விவிலிய வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். உரக்க வாசிப்பது என் வேலை. ஓர் அதிகாரத்தையாவது முழுசாக வாசிக்க விட்டாரா? ம்ஹூம்!

ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டு வெளியேறியதுமே எழுந்துவிட்டார். "இன்னா சிஸ்டர் இது? நோட்டீஸ் குடுக்காம எப்படி காலி பண்ண வெக்கலாம்?"

ஒரு வேளைக் கூழுக்காக ஏசா தன் தலைமகன் உரிமையைத் தம்பி யாக்கோபுக்கு விற்றான் என்று வாசித்தேன். பெஞ்சு அதிர அடித்தார். "செல்லாது! சாட்சி யாரு? பத்திரம் எழுதுன நொத்தேர் யாரு? பசில கெடந்தவன்கிட்ட எழுதி வாங்குனா அது பத்திரமா?"

பெந்தகொஸ்தே சபைக்காரர்களின் பைபிளில் நம் கத்தோலிக்க விவிலியத்தைவிட ஏழு புத்தகம் குறைவு என்று தெரிந்த அன்று அவரைப் பிடிக்க முடியவில்லை. "ஏழு டாக்குமெண்ட்டு காணமா! எவன் எடுத்தான்?" எந்தச் சபை எதை ஏற்றது, எதை விட்டது என்று அந்த வரலாற்றைச் சொல்லி முடிப்பதற்குள் சிஸ்டருக்குத் தொண்டை வற்றிவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏசு உயிர்த்தெழுந்த அன்று கல்லறையில் நடந்ததை நான்கு நற்செய்தியாளர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லையே என்று நான் இழுத்தபோது துள்ளி எழுந்தார். "நாலு பேரும் ஒரே மாரி சொன்னாத்தாம்பா டவுட்டு! அது வக்கீல் சொல்லிக் குடுத்த சாட்சி. இது நெசம்பா, நெசம்!" சிஸ்டரே கைதட்டிவிட்டார்.

அப்புறம் வந்தது லூக்கா, ஊதாரி மகன் கதை. அந்த வாரம்தான் தம்பி வீடு தேடி வந்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்து, "நீ வந்து நின்னாத்தாண்ணா கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வாய்தா பதிலே சொல்லவில்லையாம். வகுப்பில் எல்லோருக்கும் இது தெரியும். நான் அவரை நிமிர்ந்து பார்க்காமலே வாசித்தேன்.

இளையவன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போனான், அழித்தான், திரும்பினான். அப்பா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். கொழுத்த கன்றை அடித்து விருந்து. ஆட்டம் பாட்டம் கேட்ட மூத்தவன் உள்ளே போக மாட்டேன் என்று வெளியிலேயே நிற்க, அப்பா வந்து கெஞ்சுகிறார்.

"கன்னுக்குட்டி யாருது?" என்று வாய்தா எழுந்தார். "பங்கு பிரிச்சாச்சு இல்ல? மிச்சம் பூரா அண்ணன் சொத்து! அவன் கன்னுக்குட்டிய அறுத்து, அவனுக்கே சொல்லாம விருந்தா?"

பிறகு குரலை இறக்கினார். "சரி, அண்ணன் உள்ள போனானா?"

"அதோட கதை முடிஞ்சிடுச்சுண்ணே."

"எங்க முடிஞ்சிது? தீர்ப்ப படிபா!"

"இல்லண்ணே. அவ்ளோதான் இருக்கு."

புத்தகத்தைப் பிடுங்கி, பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று எச்சில் தொட்டுப் புரட்டினார். மறுநாளிலிருந்து ஆரம்பித்தது பாருங்கள் வேட்டை! பழைய மொழிபெயர்ப்பு, புதிய மொழிபெயர்ப்பு, பெந்தகொஸ்தே பாஸ்டருடையது, பாகூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு இங்கிலீஷ் பைபிள். போன இடத்திலிருந்தெல்லாம் எனக்குப் போன்: "இதுலயும் இல்லபா!" கடைசியில் சிஸ்டர்தான் சொன்னார், "ஏசுவே அப்படித்தான் விட்டுட்டாருங்க ஐயா. போறதும் போவாததும் அண்ணனோட இஷ்டம்."

வாய்தா திகைத்துப் போனார். "ஆண்டவரே வாய்தா குடுத்துட்டாரா!"

கல்யாணத்தன்று நான் போனபோது, வில்லியனூர் மண்டபத்துக்கு எதிரே வெள்ளை வேட்டி சட்டையில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளே பேண்டு முழங்கியது. கூப்பிட்டேன். "பாட்டு கேட்டுட்டுப் போலாம்னு நின்னேன்பா, நீ போ" என்றார்.

யாரோ சொல்லித் தம்பி ஓடி வந்தார். "வாண்ணா, உள்ள வாண்ணா."

"செல்லாதுடா! கதையில தம்பி வெளிய வரல. அப்பாதான் வந்து கூப்புட்டாரு."

தம்பி சாலையோரத்திலேயே நின்றார். "அப்பா இருந்தா அவருதாண்ணா வந்திருப்பாரு. இல்லியே. அதான் நான் வந்தேன்."

வாய்தா இறங்கி வண்டியை ஸ்டாண்ட் போட்டார். வேட்டியை உதறிக் கட்டினார். "நடடா" என்றார்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவருக்கு. பிரியாணியில் கையே வைக்கவில்லை. பரிமாறுகிறவரைப் பார்த்து மண்டபமே திரும்பும்படி கத்தினார்: "யோவ், இங்க என் தம்பிக்கு ஒரு எலை போடுய்யா! கறிய நல்லா அள்ளி வையி. காலைலேர்ந்து அவன் ஒண்ணும் துன்னிருக்க மாட்டான்!"

அந்த நிமிஷம் வாய்தாவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு. கையெல்லாம் பிரியாணி, அவர் சட்டையோ வெள்ளை. அதனால் விட்டுவிட்டேன்.