எதிர்ச்சாரியில் நின்று பார்த்த வீடு

மதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வீடும் நலம் என்று எழுத வைத்த தங்களுக்கு முதலில் என் நன்றி. அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெளிச்சம் போதவில்லை என்று எங்கள் வீட்டு முகப்பை இடித்துக் கண்ணாடி வைக்கத் திங்கட்கிழமை மேஸ்திரி வருவதாக ஏற்பாடு. "பழைய கட்டடத்துக்கென்று ஒரு குணம் உண்டு, முதலில் தள்ளி நின்று மொத்தமாகப் பார், பிறகு கிட்டே போய்ப் பார், அதற்கப்புறம் கடப்பாரையைத் தொடு" என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். கட்டடக்கலை படித்தவர் சொல்லைத் தட்டக்கூடாதென்று நேற்றுக் காலை எதிர்ச்சாரித் தையல்கடை வாசலில் போய் நின்றேன். நான் நிற்பதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தையல்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "என்ன சார், வீட்டுல சண்டையா?" என்றார். குணம் பார்க்கிறேன் என்றேன். "யார் குணத்த?" "வீட்டோட குணத்த." அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அத்தான், என் கண் திறந்தது. மாடியில் வட்டமாக ஒரு ஜன்னல், அதன்மேல் புருவம் மாதிரி செங்கல் வளைவு, கூரை விளிம்பில் பல்வரிசை போல மரவேலை. கிட்டே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். செங்கல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். இதற்குள்ளா இத்தனை வருஷம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகிவிட்டது. மனைவியிடம் சொன்னேன். "நான் மூக்குக் கண்ணாடி மாத்தி மூணு மாசமாச்சு, அது தெரியல. செங்கல்லு நிறம் தெரியுதாக்கும்" என்றாள். இன்று காலை மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு இடிக்க வேண்டாம் என்றேன். "எது பழசு, எது அழகுன்னு எனக்கென்ன சார் தெரியும். இடிச்சா ரெண்டும் ஒரே தூசிதான்" என்றார். பெரிய பாவத்திலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் எதையும் இடிக்காமல் வளர என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது மனைவி, "அந்த வட்ட ஜன்னல் எந்த ரூம்ல இருக்கு?" என்று கேட்டாள். எல்லா அறையிலும் தேடினோம். இல்லை. எங்கள் முன்கதவுக்குக் குறுக்கே பீரோ நிற்பதால், இருபத்தாறு வருஷமாகப் பின்சந்து வழியாகத்தான் போய்வருகிறோம். முன்பக்கத்தில் எங்கள் வீடு எதுவென்று தெருமுனையிலிருந்து எண்ணிக்கொண்டு போனதில் ஒரு வீடு தவறிவிட்டது. நான் தடவியது பக்கத்து வீட்டுப் பல் டாக்டருடைய சுவரை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க தடவுறதப் பாத்துட்டு, அப்படி என்னதான் இருக்குன்னு நானும் வெளிய வந்து பாத்தேன். புதன்கிழமை இடிக்கிறதா இருந்தேன் சார், நிறுத்திட்டேன்" என்றார். தங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். எங்கள் வீட்டை இனிமேல்தான் பார்க்க வேண்டும். மேஸ்திரிக்கு மறுபடி போன் செய்து, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன்; நாளை மதியம் வரை பொறுப்பதாகச் சொன்னார். இந்த முறை குழப்பம் வராமலிருக்க, ஜன்னலில் நின்று கையசைக்கிறேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவளை அடையாளம் தெரியும் என்று உறுதியளித்திருக்கிறேன்.